எழுகிறது, தாழ்கிறது

எங்கள் ஊரில் தியானம் என்று பேச்செடுத்தால் அது புருவ மத்தியில்தான் போய் நிற்கும். மனவளக் கலை மன்றத்துக்குப் போய்வந்தவர்கள் ஆக்கினைத் தவம் என்பார்கள். சன்மார்க்க அன்பர்கள் ஜோதியைச் சொல்வார்கள். கண்ணை மூடினால் உள்ளே ஏதோ தெரிய வேண்டும், மனசு காலியாக வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் வயிற்றைக் காட்டினார். மூச்சு உள்ளே போகையில் வயிறு எழும், வெளியே வருகையில் தாழும். எழும்போது எழுகிறது என்று தெரியணும், தாழும்போது தாழ்கிறது என்று தெரியணும். "மூச்சை நீ இழுக்கவும் வேணாம், பிடிக்கவும் வேணாம் தாயி. அது பாட்டுக்கு நடக்கும். நடக்கிறதைத் தெரிஞ்சுக்க, அவ்வளவுதான் வேலை" என்றார்.

அவர் காரைக்குடி பர்மா காலனிக்காரர். அம்மா பக்கவாதம் வந்து படுக்கையோடு ஆன சமயத்தில்தான் அவர் எனக்கு அறிமுகமானார். நான் வங்கியில் காசாளர். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருவார். அவருடைய மாமனார்தான் பெரியவர். சாயங்காலம் மருமகளைக் கூட்டிப்போக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, நான் வீடு திரும்பும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்திருந்த விதம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. தூணில் சாயமாட்டார். காலாட்டுவது, பேப்பரைப் புரட்டுவது, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பது ஒன்றும் கிடையாது. எழுபது தாண்டிய உடம்பு. தூங்கவில்லை, யோசனையிலும் இல்லை, இங்கேயே இருக்கிறார் என்று பார்த்தாலே தெரியும்.

எனக்கு அப்போது இல்லாமல் போயிருந்தது அதுதான். வங்கியில் இருந்தால் அம்மாவின் நினைப்பு. அம்மா பக்கத்தில் இருந்தால் மறுநாள் கவுண்டர் நினைப்பு. படுக்கைப்புண் வராமலிருக்க அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரட்டிவிட்டு வந்து நான் படுத்தால் கண் மூடும், தூக்கம் வராது. தூக்கத்துக்கு ஏதாவது வழி இருக்கிறதா ஐயா என்றுதான் அவரிடம் கேட்டேன்.

"தூக்கத்துக்கு எனக்கு வழி தெரியாது தாயி. உட்காரத் தெரியும்" என்றார்.

ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கு எழுதியவர் அவர். இருபது சொச்சம் வயதில், தலைமைக் குமாஸ்தாவாக இருந்த பர்மாக்காரர் லீவு போட்டுவிட்டு பௌத்தத் துறவியான மகாசி சாயாடோவின் தியான நிலையத்தில் போய் உட்கார்ந்து வருவதைப் பார்த்து, இவரும் போயிருக்கிறார். 1950களின் ரங்கூனில் இது அதிசயமான காரியம் இல்லை. 1885இல் ஆங்கிலேயர் மாந்தளையைப் பிடித்து மன்னரை நாடு கடத்திய பிறகு, புத்தரின் போதனையான சாசனத்தைக் காக்க அரசன் இல்லை, இனி குடும்பஸ்தர்கள்தான் காக்க வேண்டும் என்ற கவலை அந்த நாட்டைப் பிடித்துக்கொண்டது. துறவிகளின் காரியமாக இருந்த தியானத்தை வீட்டுக்காரர்களிடம் கொண்டுவந்ததில் லெடி சாயாடோவுக்குப் (1846–1923) பெரிய பங்கு உண்டு. 1949இல் பிரதமர் ஊ நூவும் மற்றவர்களும் அழைத்து மகாசி சாயாடோ ரங்கூனில் கற்பிக்கத் தொடங்கினார். கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் வீட்டுப் பெண்களும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரலான ஊ பா கின் தன் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்பித்தார். "அவரும் நம்மளை மாதிரி கணக்குக்காரர்தான்" என்று பெரியவர் சொல்லும்போது குரல் நிமிரும்.

1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டே வருஷத்தில் கம்பெனிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தினமும் நோட்டு எண்ணும் எனக்கு, சேர்த்த பணம் ஒரே நாளில் காகிதமானதை அவர் வாயால் கேட்டபோது அடிவயிறு கலங்கியது. ஒரு தகரப் பெட்டியோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, காரைக்குடி வந்து, ஒரு அரிசி ஆலையில் மறுபடியும் கணக்கு எழுதப் போயிருக்கிறார். காலையில் உட்காருவதை மட்டும் நிறுத்தவில்லை.

முதலில் சொல்லிக்கொடுத்தது உடம்பை வைக்கும் விதம். போர்வையை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் உயர்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். நிமிர்த்திப் பிடிக்க வேண்டியதில்லை. காலின்மேல் கால் வேண்டாம். இரண்டு காலும் தரையைத் தொடும்படி ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக மடித்து வைத்தால் போதும். உலகமெங்கும் தியானப் புத்தகங்களில் இந்த அமர்வுக்குப் பர்மா முறை என்றே பெயர் என்பது பிற்பாடு தெரிந்தது. தோளை ஒருமுறை தூக்கி இறக்கச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பல்லைக் கடிச்சிருக்கே பாரு" என்றார். தாடை இறுகிக் கிடந்தது. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ, அவர் சொன்ன பிறகுதான் வலித்தது.

நேரத்துக்கு ஊதுவத்தி. முழு வத்தி அரை மணிக்கு மேல் எரியும் என்று அதை மூன்றாக ஒடித்து, ஒரு துண்டைக் கொளுத்தி வைத்தார். அது அணையும்வரை உட்கார்ந்தால் போதும். விடிகாலையில் அம்மாவைப் புரட்டிவிட்டு, பால்காரர் மணியடிப்பதற்குள் அந்த ஒரு துண்டு. கூடுதலாக உட்காருகிறேன் என்று நானே கேட்டபோதும் வேண்டாம் என்றுவிட்டார். "இன்னிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு நாளைக்குப் பயந்து போய் விட்டுடுவே" என்றார். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனையை நான் இதுவரை எங்கும் கேட்டதில்லை.

மனம் நிற்பதற்கு எண்ணிக்கை கொடுத்துப் பார்த்தார். மூச்சை எண்ணுவது மிகப் பழைய முறை. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தில் அதற்கு விதியே இருக்கிறது: எண்ணுவதை ஐந்துக்கு முன்னால் நிறுத்தக் கூடாது, பத்தைத் தாண்டிப் போகக் கூடாது. காஞ்சிபுரத்தில் சில காலம் இருந்தவர் புத்தகோசர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் எண்ணிக்கை எனக்கு உதவவில்லை. நூறு நோட்டுக் கட்டைக் கை எண்ணிக்கொண்டிருக்கும்போதே வரிசையில் நிற்பவரோடு பேசிப் பழகியவள் நான். ஒன்றிலிருந்து பத்து வரை எண் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கும், மனம் சந்தையில் இருக்கும். பெரியவர் இதைக் கேட்டதும் எண்ணிக்கையை எடுத்துவிட்டார். எண்ணுவதே தொழிலாக இருக்கிற ஆளுக்கு அது பிடிமானம் ஆகாது என்றார். வயிற்றின் அசைவுக்குப் பேர் சொல்லும் மகாசி முறைக்கே திரும்பினோம்.

எழுகிறது, தாழ்கிறது. வாய்க்குள் மெல்ல. மனம் எங்காவது போய்விட்டது தெரிந்தால் 'நினைக்கிறது' என்று ஒருதரம் சொல்லிவிட்டு வயிற்றுக்கு வர வேண்டும். எங்கே போனது, ஏன் போனது என்ற விசாரணை வேண்டாம். திட்டவும் கூடாது. புதிதாக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பாயைச் சுருட்டிவிடுவது இந்த இடத்தில்தான் என்பதை இத்தனை வருஷத்தில் பலரிடம் பார்த்துவிட்டேன். மனம் அலைகிறது, எனக்கு இது வராது என்று எழுந்துவிடுகிறார்கள். மனம் போய்விட்டது என்று தெரிகிறதே, அந்தக் கணத்தில் கவனம் இருக்கிறது. கவனம் இல்லையென்றால் மனம் போனதே தெரிந்திருக்காது. பயிற்சி அங்கேதான் நடக்கிறது. அசையாமல் நிற்கிற மனம் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். போனதைத் தெரிந்து திரும்புவது முதல் நாளே எல்லோருக்கும் கிடைக்கும். இதை யாராவது முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

முழங்கால் வலிக்கும் அதே வழிதான். 'வலி, வலி' என்று பார்க்கச் சொன்னார். கல் மாதிரி ஒரே வலியாகத் தோன்றியது, நின்று பார்க்கப் பார்க்க குத்தல், சூடு, துடிப்பு என்று பிரிந்தது. நடுவில் ஒன்றுமே இல்லாத இடைவெளிகளும் இருந்தன. தாங்கவில்லை என்றால் காலை மாற்றலாம், குற்றமில்லை. மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வந்ததை முதலில் பார்த்துவிட்டு, பிறகு மெதுவாக மாற்ற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் என் மனம் எங்கே போகிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. யோசனை எதுவும் ஓடவில்லை. ஆனாலும் வயிற்றில் நிற்கவில்லை. ஒருநாள் விடிகாலையில் அது சட்டென்று தெரிந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் காது முழுக்க அடுத்த அறையில் இருந்தது. அம்மாவின் தொண்டையில் சளி கரகரக்கிறதா, கட்டிலின் சட்டம் முனகுகிறதா, மூச்சு ஒரே சீராக வருகிறதா. அம்மாவுக்குப் பேச்சு போயிருந்தது; கூப்பிட முடியாது. அதனால் என் காது இரவும் பகலும் அவள் வாசலில் காவல் இருந்திருக்கிறது. கவுண்டரில் பணம் வாங்கும்போதும் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். தூக்கம் வராததற்கு நான் எத்தனையோ காரணம் வைத்திருந்தேன்: செலவு, லீவு, அண்ணன் வராதது. உண்மையில் உடம்பு காது கொடுத்துக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

பெரியவரிடம் சொன்னேன். காதை எப்படி ஐயா நிறுத்துவது என்றேன்.

"எதுக்கு நிறுத்தணும்? பெத்தவளைக் கேக்குற காது. வயித்தை விட்டுட்டுக் காதையே பாரு. 'கேட்கிறது, கேட்கிறது'ன்னு பாரு."

மறுநாளிலிருந்து அம்மாவின் மூச்சே என் தியானப் பொருள் ஆனது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் மூச்சு வரும், நிற்கும், மறுபடியும் வரும். நிற்கிற இடத்தில் என் நெஞ்சு இறுகும்; 'பயம்' என்று சொல்வேன். வந்ததும் இறுக்கம் அவிழும். பயம் முழுசாக ஒரு பெரிய மூட்டையாக என்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்திருந்தேனே, அது மூச்சுக்கு மூச்சு வந்துவந்து போகிற ஒன்று என்று அங்கேதான் கண்டேன். தூக்கம் ஒரேயடியாகத் திரும்பிவிடவில்லை. ஆனால் புரட்டிவிட்டு வந்து படுக்கும்போது 'கேட்கிறது' என்று பார்த்தபடியே கிடப்பேன். சில இரவுகளில் அப்படியே உறங்கிப்போவேன்.

கவுண்டரில் ஒரு மாற்றம் இருந்தது. பென்ஷன் நாளில் யாராவது கத்தினால், பதில் வாயில் வருவதற்கு முன் காது மடல் சூடாவது தெரிய ஆரம்பித்தது. சில நேரம் பதில் சொல்லாமல் இருக்க முடிந்தது, சில நேரம் முடியவில்லை. சூடானது மட்டும் எப்போதும் தெரிந்தது.

அம்மா ஒரு மார்கழியில் போனாள். காரியங்கள் முடிந்து வீடு காலியான பிறகு பெரியவர் வந்தார். உட்கார முடியவில்லை, கண்ணை மூடினால் அழுகை வருகிறது என்றேன். உட்கார்ந்தே அழு என்றார். அழுகை எங்கே ஆரம்பிக்கிறது, தொண்டையிலா நெஞ்சிலா, அதைப் பார் என்றார். கொஞ்ச நாள் கழித்து, சாப்பாடு இறங்காமல் நான் மெலிவதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு உட்கார்ந்தா போதாது தாயி, டாக்டரைப் பாரு" என்று மருமகளைத் துணைக்கு அனுப்பியவரும் அவர்தான். தியானம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும். வெகுநாள் வரை விடிகாலையில் என் காது அடுத்த அறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அங்கே கேட்க ஒன்றும் இல்லை. அதையும் 'கேட்கிறது' என்றே பார்த்தேன்.

பல வருஷம் கழித்து சென்னையில் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேதுவில் பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போனேன். ஊ பா கின்னிடம் கற்ற கோயங்காவின் வழி அது. மாந்தளையில் பிறந்த இந்திய வியாபாரி அவர். தீராத ஒற்றைத் தலைவலிக்காக 1955இல் ஊ பா கின்னிடம் போனவர், 1969இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார். காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் அமர்வு. கடைசி நாள்வரை பேச்சு கிடையாது. கட்டணமும் கிடையாது, முன்னால் பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. அங்கே வயிறு இல்லை, மூக்குத் துவாரத்துக்குக் கீழே மேலுதடு வரையிலான சின்ன இடம். முதல் மூன்று நாட்களும் அதே வேலை. நான்காம் நாளில்தான் உடம்பு முழுவதும் உணர்ச்சிகளைப் பார்க்கும் விபாசனா. எனக்கு அது பெரிய அனுபவம். ஆனாலும் அதுவரை ஒருநாளும் உட்காராதவர் நேரே போய்ப் பத்து நாளில் இறங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அத்தனை மௌனத்தில், அத்தனை மணி நேரத்தில், அடியில் கிடப்பதெல்லாம் மேலே வரும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களிடம் விண்ணப்பத்திலேயே அதைப் பற்றிக் கேட்கிறார்கள். மறைக்காமல் எழுத வேண்டும். முதலில் வீட்டில் ஒரு துண்டு ஊதுவத்தி எரியட்டும்.

பெரியவர் ரங்கூன் நாட்களில் கேள்விப்பட்டிருந்த ஒரு வங்காளப் பெண்மணியைப் பற்றிப் பின்னால் படித்தேன். சிட்டகாங்கில் பிறந்தவர், கணவரோடு ரங்கூனில் வாழ்ந்தவர், தீபா மா (1911–1989). இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்து, 1957இல் கணவரையும் இழந்து, நோயில் விழுந்த நிலையில் தியானத்துக்கு வந்தார். 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து, ஒரு சின்ன வீட்டில் இருந்துகொண்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கற்பித்தார். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது பால் கொடுப்பதைக் கவனி, அதுவே தியானம் என்கிற விதத்தில். அவரிடம் கற்ற அமெரிக்க இளைஞர்கள் ஊருக்குத் திரும்பி மாசசூசெட்ஸில் தியான மையம் தொடங்கினார்கள். அதே மாநிலத்தில் 1979இல் ஜான் கபட்-ஜின் என்பவர் தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்குப் பயிற்சி ஒன்றை மருத்துவமனையில் ஆரம்பித்தார். இன்று செல்போன் செயலிகளில் ஆங்கிலக் குரலில் வருகிற 'மைண்ட்ஃபுல்னெஸ்' பெருமளவு இந்த வழியாக வந்தது. ரங்கூனிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து அமெரிக்கா, அங்கிருந்து நம் கைக்கு. பர்மா காலனியில் ஓர் அரிசி ஆலைக் கணக்கர் அதை நாற்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்ததை அடுத்த தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பார். அவரைப் போல எத்தனை பேர் எத்தனை பர்மா காலனிகளில் இருந்து மறைந்தார்களோ என்று நினைக்கையில் மனசு ஆறவில்லை. அவரும் இப்போது இல்லை.

எங்கள் கிளைக்கு மாற்றலில் வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு நான் இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். கைக்குழந்தையை ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். செயலி வைத்துப் பார்த்தாளாம், அந்தக் குரல் முடிவதற்குள் அழுகை வந்துவிட்டதாம். முதுகில் கோளாறு, தரையில் உட்கார முடியாது. நாற்காலியின் முன்விளிம்பில், பாதம் இரண்டும் தரையில் பதிய உட்காரச் சொன்னேன். வயிறு தெரியவில்லை என்றால் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து வந்து, "மேடம், நிக்கவே மாட்டேங்குது. பிள்ளைகிட்டயே போயிடுது" என்றாள்.

"போனது தெரியுதா?"

"அது நல்லாத் தெரியுது."

பிள்ளையையே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்து நடையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மகாசி முறையில் உட்காருவதும் நடப்பதும் சரிபாதி. தூக்குகிறது, நகர்கிறது, வைக்கிறது என்று அடி அடியாக நடப்பது. லாக்கர் அறைக்கு வெளியே நீளமாக ஒரு நடை இருக்கிறது, மதியச் சாப்பாட்டு வேளையில் அங்கே யாரும் வருவதில்லை. பென்ஷன் வாரம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறாள்.